அம்மாவுக்கு ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிட்டிவ். இது சரவாங்கி (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்ங்கிற மூட்டு வாதம்) தானா?

நிலக்கோட்டை மணி

வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

அம்மாவுக்கு 49 வயசு. நிலக்கோட்டைல ஒரு பூக்கடைக்கு வீட்டுல இருந்தே மல்லியும் கனகாம்பரமும் கட்டிக் குடுக்குறாங்க. மாசிக் கடைசில ஆரம்பிச்சது. காலைல எழுந்தா ரெண்டு கையும் விறைச்சுக்கும், பிரஷ்ஷைக்கூடப் பிடிக்க முடியாது. எட்டரை, ஒன்பது மணிக்கு மேலதான் கொஞ்சம் கொஞ்சமா விரல் மடங்கும். மொதல்ல வலது கைல ஆள்காட்டி விரல், நடுவிரல் ரெண்டோட அடி முட்டி வீங்குச்சு. இப்போ இடது கை நடுவிரலோட அடி முட்டியும், ரெண்டு மணிக்கட்டும் சேர்ந்துக்குச்சு. மோதிரத்தை சோப்பு போட்டுத்தான் கழட்டினோம். காய்ச்சல் எதுவும் வரல. நாரை இழுத்து முடிச்சுப் போட முடியலன்னு பூக்கட்டுறதையே பாதியாக் குறைச்சுட்டாங்க.

பக்கத்துல ஒரு டாக்டர்கிட்ட காமிச்சோம். ஊசி போட்டார், மூணு நாள் ஜம்முனு இருந்தாங்க, நாலாம் நாள் பழையபடி ஆயிடுச்சு. ரெண்டாவது தடவையும் அதே கதை. அதனால நானே ஒரு லேப்ல "ஆர்த்ரைட்டிஸ் புரொஃபைல்"னு ஒரு பேக்கேஜ் எடுத்துட்டேன். ரிப்போர்ட் இது:

ஹீமோகுளோபின் 10.4
ஈ.எஸ்.ஆர். 58 (ஒரு மணி நேரம்)
சி.ஆர்.பி. 24 (6-க்குள்ள இருக்கணும்னு போட்டிருக்கு)
ஆர்.ஏ. ஃபேக்டர், லேடெக்ஸ்: பாசிட்டிவ்
ஏ.எஸ்.ஓ.: நெகட்டிவ்
யூரிக் ஆசிட் 4.6

"பாசிட்டிவ்"ங்கிறதை மட்டும் சிவப்பு மையில அடிச்சுக் குடுத்துட்டாங்க. அம்மா அதைப் பார்த்துட்டு, "அவ்வளவுதான், இனி படுத்த படுக்கைதான்"னு ராத்திரி பூரா அழுகை. எங்க ஆத்தாவுக்குக் கடைசி காலத்துல கை ரெண்டும் கோணிப் போயிருந்துச்சாம், அதை நினைச்சுக்கிறாங்க. இந்த ஒரு டெஸ்ட்டை வச்சு சரவாங்கின்னு முடிவு பண்ணலாமா? ஆன்டி சி.சி.பி.ன்னு இன்னொண்ணு எடுக்கச் சொல்றாங்க, விலை ஆயிரத்துக்கு மேல சொல்றாங்க. அவசியமா, இல்ல லேப்காரங்க வியாபாரமா?

பழனியப்பன்67

தம்பி, பயப்படாதீங்க. இது சிக்குன்குனியா மிச்சமா இருக்கும். 2006-ல எங்க தெருவே குனிஞ்சுதான் நடந்துச்சு, எனக்கே ஒரு வருஷம் முட்டி வலி இருந்துச்சு. எங்க சித்தப்பாவுக்கும் ஆர்.ஏ. பாசிட்டிவ்னு வந்து அஞ்சாறு வருஷம் ஆகுது, ஒண்ணும் ஆகல, இன்னைக்கும் வயலுக்குப் போறார். முடக்கத்தான் கீரையை தோசை மாவுல அரைச்சு விட்டுக் குடுங்க. ரத்தத்துல இருக்கிற வாதம் எறங்கிடும். ஒரு மண்டலம் கழிச்சு அதே டெஸ்ட்டைத் திரும்ப எடுத்துப் பாருங்க, நெகட்டிவ் ஆயிடும்.

லேப் அக்கா

மணி தம்பி, நான் டாக்டர் இல்ல. அரசு ஆஸ்பத்திரி லேப்ல டெக்னீஷியனா இருந்து ரிட்டையர் ஆனவ. ஊசி குத்துறதுல ஆரம்பிச்சு ரிப்போர்ட் எழுதுற வரைக்கும் இந்த டெஸ்ட்டுங்க எல்லாம் என் கைவழியா போயிருக்கு. அதனால அந்தக் காகிதத்துல இருக்கிறதுக்கு என்ன அர்த்தம்னு என்னால சொல்ல முடியும். நோய் என்னன்னு சொல்ல வேண்டியவர் அம்மாவோட கையைத் தொட்டுப் பார்க்கிற டாக்டர்.

முதல்ல அந்தச் சிவப்பு "பாசிட்டிவ்". அது எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சா பாதி பயம் போயிடும். ரத்தத்தை உறைய விட்டு, சுத்த வச்சு, மேல தெளிஞ்சு நிக்கிற சீரத்துல ஒரு சொட்டு எடுப்போம். கறுப்புக் கண்ணாடி ஸ்லைடுல வட்டம் போட்டிருக்கும், அதுல விடுவோம். பக்கத்துலயே லேடெக்ஸ் ஒரு சொட்டு. அது கண்ணுக்குத் தெரியாத பொடிப் பொடி உருண்டைங்க, மேல மனுஷனோட ஐ.ஜி.ஜி.ங்கிற எதிர்ப்புப் புரதம் (ஆன்டிபாடி) பூசியிருக்கும், வெள்ளையா பால் மாதிரி இருக்கும். குச்சியால கலக்கி, ரெண்டு நிமிஷம் ஸ்லைடை மெதுவா ஆட்டுவோம். ஆர்.ஏ. ஃபேக்டர்ங்கிறது நம்ம உடம்போட ஐ.ஜி.ஜி.யையே எதிரின்னு பிடிக்கிற ஆன்டிபாடி. அது சீரத்துல இருந்தா லேடெக்ஸ் திரிஞ்ச பாலாட்டம் திரிதிரியாப் பிரியும். அதைக் கண்ணால பார்த்துத்தான் "பாசிட்டிவ்"னு எழுதுறோம். ரெண்டு நிமிஷம் தாண்டிட்டா ஓரம் காய ஆரம்பிச்சு, அதுவும் திரிஞ்ச மாதிரியே தெரியும். வெளிச்சம் சரியில்லன்னா லேசா திரிஞ்சது தெரியாமலே போகும். கூட்டமான நாள்ல ஒரே ஆள் நாலு ஸ்லைடை ஒண்ணா ஆட்டினா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

பெரும்பாலான கிட்டுல 8 ஐ.யு. (அதை அளக்கிற யூனிட்) தாண்டினாலே திரிய ஆரம்பிச்சிடும். அம்மாவுக்கு 10 இருந்தாலும் பாசிட்டிவ்தான், 300 இருந்தாலும் பாசிட்டிவ்தான். அது ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அந்தச் சீட்டுல எண்ணே இல்லையே, அதுதான் குறை. மெஷின்ல போட்டு எண்ணா எடுக்கிற முறை இப்போ நிறைய ஊர்ல இருக்கு. "ஆர்.ஏ. குவான்டிடேடிவ்"னு கேளுங்க.

ரெண்டாவது, இந்த ஃபேக்டர் சரவாங்கிக்கு மட்டும் சொந்தமில்ல. எரிக் வாலர்னு ஒருத்தர் 1940-ல நார்வேல கண்டுபிடிச்சார், 1948-ல அமெரிக்காவுல ரோஸ் மறுபடியும் கண்டுபிடிச்சார். அப்போ ஆட்டு ரத்தச் சிவப்பணுவை வச்சு செஞ்சதால ரோஸ்-வாலர் டெஸ்ட்னே எங்க பாடத்துல இருந்துச்சு. அதுக்கப்புறம் பார்த்தா டி.பி., தொழுநோய், ஹெபடைடிஸ் சி, இதய வால்வுல தொத்து, வாய் கண் வறண்டு போற ஷோக்ரன் நோய்னு எதெதுலயோ அதே ஃபேக்டர் வருது. ஒரு நோயும் இல்லாத வயசானவங்களுக்கும் வரும். பழனியப்பன் அண்ணனோட சித்தப்பா அந்த ரகமா இருக்கலாம், அதுல ஆச்சரியமே இல்ல. மறுபக்கம், சரவாங்கி உள்ளவங்கள்ல நூத்துக்கு இருபது முப்பது பேருக்கு இது நெகட்டிவாவே இருக்கும். அதனால இந்த ஒரு வரியை வச்சு "இருக்கு"ன்னும் சொல்ல முடியாது, "இல்ல"ன்னும் சொல்ல முடியாது.

உங்க பேக்கேஜ்ல ஏ.எஸ்.ஓ., யூரிக் ஆசிட் ரெண்டும் அம்மா விஷயத்துல வெறும் இட்டு நிரப்பல். ஏ.எஸ்.ஓ. தொண்டைல ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வந்துபோனதுக்கு. சின்னப் பசங்களுக்கு இதயத்தைப் பிடிக்கிற ருமாட்டிக் காய்ச்சல் சந்தேகம் வந்தா பார்ப்பாங்க. யூரிக் ஆசிட் கவுட்டுங்கிற மூட்டு வலிக்கு. அது ராத்திரியோட ராத்திரியா கால் கட்டைவிரல்ல வந்து உக்காரும், பெண்களுக்கு மாதவிலக்கு நிக்கிற வரைக்கும் ரொம்ப அபூர்வம். பேக்கேஜ்னு போட்டா வரி நிறைய இருக்கணுமே, அதுக்காக எல்லா லேப்லயும் இதைச் சேர்க்கிறது வழக்கமாப் போச்சு.

ஈ.எஸ்.ஆர்.ங்கிறது ஒரு மணி நேரத்துல குழாய்ல சிவப்பணு எவ்வளவு எறங்குதுங்கிற அளவு. 58 சும்மா விடுற எண் இல்ல. பெண்களுக்கு வயசோட பத்தைக் கூட்டிப் பாதியாக்கினா வர்றதுதான் உத்தேசமான மேல் வரம்பு. அம்மாவுக்கு முப்பது. ஹீமோகுளோபின் 10.4 இருக்கிறதால அதுவே கொஞ்சம் ஏத்திக் காட்டும், ரத்தச்சோகை இருந்தா சிவப்பணு சீக்கிரம் எறங்கும். இன்னொண்ணு, ஈ.எஸ்.ஆர். பார்க்கிற வெஸ்டர்கிரென் குழாயை நேர் செங்குத்தா நிக்க வைக்கணும். மூணு டிகிரி சாஞ்சாலே எண் முப்பது சதவீதம் வரைக்கும் ஏறிடும். ஆடுற ஸ்டாண்டை அட்டை மடிச்சு முட்டுக் குடுத்து வச்சிருக்கிற லேப் எத்தனையோ நான் பார்த்திருக்கேன். ஆனா சி.ஆர்.பி.யும் 24 இருக்கு பாருங்க. அது அழற்சி வந்தா கல்லீரல் சுரக்கிற புரதம், ரத்தச்சோகையும் அதைத் தொடாது, குழாய் சாஞ்சாலும் தொடாது. ரெண்டும் சேர்ந்து ஏறியிருக்கிறதால உள்ள எங்கேயோ அழற்சி நிஜமாவே இருக்கு. எங்கேன்னு ரெண்டுமே சொல்லாது. அதைச் சொல்றது நீங்க எழுதின அந்த வீங்கின முட்டிங்கதான்.

ஒரு கேள்விக்குப் பதில் வேணும். அந்த டாக்டர் போட்ட ஊசி என்ன, ரத்தம் எடுத்தது ஊசிக்கு எத்தனை நாள் கழிச்சு? மூணு நாள் ஜம்முனு இருந்து நாலாம் நாள் திரும்புறது ஸ்டீராய்டு ஊசியோட லட்சணம். ஸ்டீராய்டு உள்ள இருக்கும்போது ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரெண்டும் பொய்யா இறங்கிக் காட்டும். ஆர்.ஏ. ஃபேக்டரும் சி.சி.பி.யும் ஒரு ஊசிக்கு அசையாது.

சி.சி.பி. எடுக்கிறது வியாபாரம் இல்ல தம்பி. அம்மாவுக்கு அது அவசியம். ஆனா முதல்ல டாக்டர், அப்புறம் டெஸ்ட்.

நிலக்கோட்டை மணி

அக்கா, ரொம்ப நன்றி. நீங்க எழுதினதை அம்மாவுக்கு அப்படியே படிச்சுக் காமிச்சேன், பால் திரியிற இடத்துல சிரிச்சாங்க.

ஊசிச் சீட்டைத் தேடி எடுத்தேன். டெக்ஸாமெத்தசோன்னு ஸ்டீராய்டு எழுதியிருக்கு, கூட வலி ஊசி ஒண்ணு. ரத்தம் எடுத்தது கடைசி ஊசி போட்டு ரெண்டு வாரத்துக்கு மேல ஆகி. சிக்குன்குனியா அம்மாவுக்கு 2006-ல வந்திருக்கு, நான் அப்போ சின்னப் பையன். அது இப்போ திரும்பிக் கிளம்புமா? சி.சி.பி. ஏன் அவசியம்னும் கொஞ்சம் சொல்லுங்க, அப்பா "இன்னும் எத்தனை தடவை ரத்தம் எடுப்பீங்க"ன்னு கத்துறார்.

தறிக்காரி

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். நான் சின்னாளபட்டி, உங்களுக்குப் பக்கம்தான். எனக்கு ஆர்.ஏ. நெகட்டிவ், சி.சி.பி. நெகட்டிவ், ஈ.எஸ்.ஆர். மட்டும் கொஞ்சம் கூட. "ரிப்போர்ட் நார்மல்மா, உனக்கு மனசுலதான் வலி"ன்னு ஒரு டாக்டர் சொல்லிட்டார். வீட்டுல கேக்கணுமா? வேலைக்குச் சோம்பேறின்னு பேர் வாங்கி, ரெண்டு வருஷம் வலி மாத்திரையை முழுங்கிட்டு தறில உக்காந்தேன். நாடாக் கயித்தை இழுக்கிற வலது மணிக்கட்டு இன்னைக்கும் முழுசா மடங்காது.

அப்புறம் ஒரு ருமட்டாலஜி (மூட்டு வாத) டாக்டர் பார்த்தாங்க. அந்தம்மா ரிப்போர்ட் ஃபைலை ஓரமா வச்சுட்டு, முதல்ல என் ரெண்டு கையையும் பிடிச்சு, விரலோட அடி முட்டி வரிசையைக் குறுக்கால லேசா அமுக்கினாங்க. எனக்கு உயிர் போச்சு. ஒவ்வொரு முட்டியாத் தொட்டு, வீக்கம் எங்கே, அமுக்கினா வலி எங்கேன்னு ஒரு படத்துல புள்ளி வச்சாங்க. அப்புறம் மணிக்கட்டுல ஸ்கேன். உள்ள சவ்வு தடிச்சு, ரத்த ஓட்டம் சிவப்பா மின்னுறதை எனக்கே திரையில காமிச்சாங்க. "ரத்தத்துல இல்லாத சரவாங்கி இது"ன்னாங்க. அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகுதான் என் வீட்டுக்காரர் என்னை ஏசுறதை விட்டார்.

உங்க அம்மாவுக்கு ரிப்போர்ட்ல ஏதோ வந்திருக்கேன்னு அழறாங்க. எனக்கு ஒண்ணும் வரலையேன்னு நான் அழுதேன். எப்படியோ சீக்கிரம் கூட்டிட்டுப் போங்க தம்பி.

பழனியப்பன்67

அந்தம்மா சொல்றதைப் பார்த்தா டெஸ்ட்டே வேஸ்ட்னு ஆகுதே? பின்ன எதுக்கு ஆயிரம் ரூபா?

லேப் அக்கா

அண்ணே, வேஸ்ட் இல்ல. சாட்சி சொல்ல நாலு பேர் வந்தா நாலு பேரும் ஒரே அளவுக்கா நம்பகம்? ஆர்.ஏ. ஃபேக்டர் எல்லா வீட்டுத் திண்ணைலயும் உக்காந்துட்டு வர்ற ஆளு. சி.சி.பி. அப்படி இல்ல.

உடம்புல புரதத்துல இருக்கிற ஆர்ஜினைனை ஒரு நொதி சிட்ருலைனா மாத்தும். அழற்சி இருக்கிற எந்த இடத்துலயும் இது நடக்கும், எல்லாருக்கும் நடக்கும். அந்த மாறின புரதத்தை அன்னியன்னு நினைச்சு ஆன்டிபாடி கட்டுறது மட்டும் கிட்டத்தட்ட சரவாங்கிக்காரங்க உடம்புதான். 2000-த்தை ஒட்டித்தான் இதுக்கு டெஸ்ட் வந்துச்சு. சரவாங்கி உள்ள மூணு பேர்ல ரெண்டு பேருக்குப் பாசிட்டிவ் வரும். அந்த விதத்துல ஆர்.ஏ. ஃபேக்டரை விட ஒண்ணும் உசத்தி இல்ல, தறிக்காரி தங்கச்சி மாதிரி தப்பிப் போறவங்க உண்டு. ஆனா சரவாங்கி இல்லாத நூறு பேரை எடுத்தா 95 பேருக்கு மேல நெகட்டிவா நிக்கும். டி.பி. உள்ள சிலருக்கு மட்டும் ஏமாத்தும். ஆக, நெகட்டிவ் வந்தா முடிவு சொல்லாது, நல்லா ஏறிப் பாசிட்டிவ் வந்தா பெரிய பேச்சு. இன்னொரு லாபம், சி.சி.பி. ரொம்ப ஏறியிருக்கிறவங்களுக்கு எலும்பு அரிக்கிற வாய்ப்பு கூடன்னு டாக்டருக்கு ஆரம்பத்துலயே தெரிஞ்சிடும், மருந்துல தயக்கம் காட்ட மாட்டாங்க.

மணி தம்பி, உங்க அப்பாவுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காமிங்க. 2010-ல அமெரிக்க ருமட்டாலஜி சங்கமும் ஐரோப்பியச் சங்கமும் சேர்ந்து ஒரு மார்க் முறை போட்டாங்க. மொத்தம் பத்து, ஆறு வந்தா சரவாங்கின்னு வகைப்படுத்தலாம். சின்ன மூட்டு நாலுல இருந்து பத்து வரைக்கும் பிடிச்சிருந்தா 3 மார்க். மணிக்கட்டும் இதுல சின்ன மூட்டுதான். நீங்க எழுதினதை எண்ணினா வலது கைல ரெண்டு, இடதுல ஒண்ணு, மணிக்கட்டு ரெண்டு, மொத்தம் அஞ்சு. ஈ.எஸ்.ஆரோ சி.ஆர்.பி.யோ கூட இருந்தா 1. ஆறு வாரம் தாண்டியிருந்தா 1. ஆர்.ஏ. ஃபேக்டர் இல்லன்னா சி.சி.பி. லேசாப் பாசிட்டிவ்னா 2, நார்மலோட மேல் வரம்பை விட மூணு மடங்குக்கு மேல போனா 3. எண் இல்லாம வெறும் "பாசிட்டிவ்"னு வந்தா அதை லேசான பாசிட்டிவாத்தான் எடுத்துக்கணும்னு அதுலயே எழுதி வச்சிருக்காங்க. உங்க சிவப்பு மைக்கு இவ்வளவுதான் மதிப்பு.

கூட்டுங்க. மூட்டுக்கு 3, அழற்சிக்கு 1, காலத்துக்கு 1, ரத்தத்துக்கு 2. ஏழு. அதுல அஞ்சு மார்க் ரத்த ஆன்டிபாடி இல்லாமலே வந்திருக்கு, பார்த்தீங்களா? அதிகபட்சம் மூட்டுக்கு அஞ்சு, ரத்த ஆன்டிபாடிக்கு மூணுதான். தறிக்காரி தங்கச்சி ஃபைலை அந்த டாக்டரம்மா ஓரமா வச்சதுக்குக் காரணம் இதுதான்.

ஆனா இதை வச்சு நீங்களே வீட்டுல தீர்ப்பு எழுதிடாதீங்க. இது ஆராய்ச்சிக்கு ஆள் சேர்க்கப் போட்ட கணக்கு. அதுக்கு ஒரு வாசல் இருக்கு: ஒரு மூட்டுலயாவது நிஜமான சவ்வு வீக்கம் இருக்குன்னு டாக்டர் தொட்டுச் சொல்லணும், அதுக்கு வேற நோய் காரணம் இல்லன்னும் பார்த்திருக்கணும். எலும்புத் தேய்மானத்துல விரல் நுனி முட்டி கல்லாட்டம் தடிக்கும், சரவாங்கி அந்த நுனி முட்டியைப் பெரும்பாலும் தொடாது. தைராய்டு குறைஞ்சாலும் கை விறைக்கும்.

சிக்குன்குனியா அதுல ஒண்ணு, அண்ணன் சொன்னது முழுத் தப்பு இல்ல. இப்போ புதுசா வந்திருந்தா ரெண்டு கையும் சரிசமமா வீங்கி, மாசக்கணக்குல நீண்டு, அச்சு அசலா சரவாங்கி மாதிரியே இருக்கும். அந்த நேரத்துல ஆர்.ஏ. ஃபேக்டர் கூட சிலருக்குப் பாசிட்டிவ் ஆகும். ஆனா அது திடீர்க் காய்ச்சலோட வரும், அம்மாவுக்குக் காய்ச்சலே இல்லங்கிறீங்க. 2006-ல வந்தது இத்தனை வருஷம் தூங்கி இந்த மாசில எழுந்திரிக்காது. டாக்டர் கேட்டா ஐ.ஜி.எம். (புதுசா தொத்தினப்போ வர்ற ஆன்டிபாடி) மட்டும் பாருங்க. ஐ.ஜி.ஜி. எடுத்தா அன்னைக்கு வந்ததோட தழும்பு இன்னும் பாசிட்டிவாவே இருக்கும், அதைப் பார்த்து வீணாக் குழம்புவீங்க.

முடக்கத்தான் தோசை நல்லா இருக்கும், நானும் சுடுவேன், சாப்பிடட்டும். அதை நம்பி ஒரு மண்டலம் தள்ளிப் போடுறதுதான் எனக்குப் பிடிக்கல. இந்த நோய் எலும்பை அரிக்கிறது முதல் ரெண்டு வருஷத்துலதான் வேகமா நடக்கும். ஆர்.ஏ. ஃபேக்டரைத் திரும்பத் திரும்ப எடுக்கிறதுலயும் ஒரு லாபமும் இல்ல அண்ணே. நோய் அடங்கினதான்னு பார்க்க ஈ.எஸ்.ஆரும் சி.ஆர்.பி.யும்தான், ஆன்டிபாடியை மாசாமாசம் துரத்துறது காசுக்குக் கேடு.

ரத்தம் குடுக்கப் போகும்போது வெறும் வயிறு தேவையில்ல, அம்மா காப்பி குடிச்சுட்டுப் போகட்டும். முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை சாப்பிடுறாங்களான்னு மட்டும் கேளுங்க. சில மெஷின்ல அது ஆன்டிபாடி டெஸ்ட்டைக் குழப்பும், ரெண்டு மூணு நாள் நிறுத்திட்டுப் போறது நல்லது. எண்ணை எப்பவும் பக்கத்துல இருக்கிற வரம்போட சேர்த்துப் படிங்க. ஒரு லேப்ல 17-க்கு மேல பாசிட்டிவ், இன்னொண்ணுல 20-க்கு மேல. லேப் மாறினா பழைய எண்ணோட ஒப்பிடாதீங்க.

எங்கே போறதுன்னு கேட்டா, மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரில ருமட்டாலஜி ஓ.பி. எந்த நாள்னு விசாரிச்சுட்டுப் போங்க. சென்னைல ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைல இதுக்குன்னே தனித் துறை ரொம்ப காலமா இருக்கு. அந்த ஊசி மட்டும் இனி வேண்டாம். பாக்கெட் பிரிச்சுக் குடுக்கிற பேர் தெரியாத வாதப் பொடியும் வேண்டாம், அதுலயும் ஸ்டீராய்டு கலந்து விக்கிறவன் இருக்கான்.

நிலக்கோட்டை மணி

தாமதமா எழுதுறேன், அலைச்சல். ருமட்டாலஜி டாக்டரைப் பார்த்தோம். தறிக்காரி அக்கா சொன்ன மாதிரியே முட்டி வரிசையை அமுக்கினார், அம்மா "ஐயோ"ன்னு கையைப் பிடுங்கிக்கிட்டாங்க. அவர் எண்ணினப்போ மூட்டு ஏழு. பாத விரல் அடில ரெண்டு இருந்திருக்கு, அம்மா அதைச் செருப்பு கடிக்குதுன்னே நினைச்சிருக்காங்க.

ஆர்.ஏ. ஃபேக்டர் எண்ணா எடுத்ததுல 46 (20-க்குள்ள). சி.சி.பி. 187 (17-க்குள்ள). சிக்குன்குனியா ஐ.ஜி.எம். நெகட்டிவ். தைராய்டு நார்மல். கை எக்ஸ்ரேல அரிப்பு இன்னும் இல்லன்னார். சரவாங்கிதான், ஆரம்பத்துலயே வந்துட்டீங்கன்னார். அம்மா இந்தத் தடவை அழல. "பேர் தெரிஞ்சிடுச்சுல்ல, மருந்தைக் குடுங்க"ன்னு கேட்டாங்க.

மெத்தோட்ரெக்ஸேட்னு சரவாங்கி மருந்து ஆரம்பிக்கணுமாம். அதுக்கு முன்னாடி ஹெபடைடிஸ் பி, சி, கல்லீரல், கிட்னி, ரத்த அணு எல்லாம் பார்க்கணும்னு திரும்பவும் ரத்தம், கூட நெஞ்சு எக்ஸ்ரே. அப்பா மறுபடி ஆரம்பிச்சுட்டார். எங்க அக்காவுக்கு 26 வயசு, கல்யாணத்துக்குப் பார்த்துட்டு இருக்கோம். அவளுக்கும் சி.சி.பி. எடுத்துப் பார்த்துடலாமான்னு அம்மா கேக்குறாங்க.

லேப் அக்கா

187-ங்கிறது 17-ஐ விட மூணு மடங்குக்கு எவ்வளவோ மேல, ஆர்.ஏ. ஃபேக்டர் 46 லேசு ரகம். ரெண்டுல எது கூடவோ அதைத்தான் எடுத்துக்கணும். சரியான நேரத்துக்குப் போயிருக்கீங்க.

இந்த ரத்தம் வேற வேலைக்கு. நோயைத் தேடுறது முடிஞ்சுது, இப்போ மருந்தை அம்மா உடம்பு தாங்குமான்னு பார்க்கிறாங்க. மெத்தோட்ரெக்ஸேட் கல்லீரலுக்கு வேலை வைக்கும், கிட்னி வழியா வெளிய போகும், எலும்பு மஜ்ஜைல அணு உற்பத்தியைக் குறைக்கலாம். ஹெபடைடிஸ் பி உள்ள ஒளிஞ்சிருந்தா எதிர்ப்பு சக்தியை அடக்கும்போது கிளம்பிடும். நெஞ்சு எக்ஸ்ரே டி.பி. பழசா ஏதும் இருக்கா, நுரையீரல் எப்படி இருக்குன்னு பார்க்க. ஆரம்பத்துல சில வாரத்துக்கு ஒரு தடவை, அப்புறம் ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை எடுப்பாங்க. இதை மட்டும் தட்டிக் கழிக்காதீங்க. அப்பாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க.

பொண்ணுக்கு மூட்டுல வீக்கம், காலை விறைப்பு ஏதாவது இருக்கா? இல்லன்னா டெஸ்ட் வேண்டாம். நெதர்லாந்துல ரத்ததானம் குடுத்தவங்களோட பழைய சீரத்தைத் தோண்டி எடுத்துப் பார்த்து 2004-ல எழுதினாங்க: பின்னாடி சரவாங்கி வந்தவங்கள்ல பாதிப் பேருக்குக்கிட்ட நோய் வர்றதுக்குப் பல வருஷம் முன்னாடியே ஆன்டிபாடி இருந்திருக்கு. ஆனா அதைத் திருப்பிப் போட்டு, ஆன்டிபாடி இருக்கிறவங்களுக்கெல்லாம் நோய் வரும்னு படிக்கக் கூடாது. நல்லா இருக்கிற பொண்ணு கைல ஒரு பாசிட்டிவ் சீட்டைக் குடுத்து, கல்யாணம் பேசுற நேரத்துல அதை யார் யார் படிப்பாங்கன்னு யோசிச்சீங்களா? முட்டி வீங்கினா அன்னைக்குப் போகட்டும். வீட்டுல யாராவது பீடி, சிகரெட் பிடிச்சா அதை நிறுத்தச் சொல்லுங்க, இந்த ஆன்டிபாடி உருவாகுறதுக்கும் புகைக்கும் நேரடித் தொடர்பு இருக்கு.

தறிக்காரி

மணி தம்பி, மாத்திரை விஷயத்துல ஒண்ணு மட்டும். மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான். எங்க வார்டுல ஒரு பெரியவர் தினமும் போட்டு, வாயெல்லாம் புண்ணாகி, அணு எறங்கி அட்மிட் ஆனார். நான் காலண்டர்ல வெள்ளிக்கிழமைக்கெல்லாம் சிவப்பு வட்டம் போட்டு வச்சிருக்கேன். கூடவே குடுக்கிற ஃபோலிக் ஆசிட் மாத்திரை எந்த நாள்னு டாக்டர் சீட்டுல எழுதி வாங்கிடுங்க, ரெண்டும் மஞ்சளா ஒண்ணு போலவே இருக்கும்.

நிலக்கோட்டை மணி

எழுதி வாங்கிட்டேன் அக்கா. அம்மா வெள்ளிக்கிழமை வேண்டாம்னுட்டாங்க, அன்னைக்குத்தான் பூ ஆர்டர் ஜாஸ்தி, தலை சுத்தினா கஷ்டம்னு. திங்கள் வச்சிருக்கோம்.

லேப் அக்கா

திங்கள் நல்லது. மாத்திரை அட்டையை நீங்களோ உங்க அக்காவோ வச்சுக்கோங்க, அந்த வாரத்துக்கு உண்டானதை மட்டும் எடுத்துக் குடுங்க. அடுத்த ரத்த டெஸ்ட் ரிப்போர்ட் வந்தா எஸ்.ஜி.பி.டி. (கல்லீரலுக்குப் பார்க்கிறது), வெள்ளை அணு, பிளேட்லெட் மூணு வரியையும் இங்கே போடுங்க, எப்படிப் படிக்கிறதுன்னு சொல்றேன்.